இரண்டாவது காது

முதல் அடியிலேயே செழியனின் கீழுதடு கிழிந்துவிட்டது. அவன் மடியில் உட்கார்ந்திருந்த ஐந்து வயது இசைவாணி, அப்போதுதான் குத்திய இடது காதில் ஒரு பொட்டு ரத்தத்தோடு மணலில் உருண்டாள். காது குத்த வந்த ஆசாரி ஊசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி பந்தலை விட்டு வெளியே பாய்ந்தார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆற்றங்கரையில் குவிந்திருந்த கூட்டம், மாரியம்மனை அப்படியே விட்டுவிட்டுச் சண்டை பார்க்கத் திரும்பியது. நம் சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அடித்தவன் முனியராஜ். குழந்தையின் அம்மா பொன்மணிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அடி வாங்கிய செழியன் அவர்களுடைய சித்தப்பா மகன்.

முனியராஜுக்குக் கத்தாரில் ஒரு கட்டிடக் கம்பெனி ஆபீசில் வேலை. ஆட்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுகிற வேலை. ஐந்து நிமிடம் பிந்தினால் பெயருக்கு நேரே சிவப்பு மை. பீகார்க்காரன் கெஞ்சினாலும் சரி, நேபாளி காலைப் பிடித்தாலும் சரி, "ரூல்ஸ்" என்று ஒரே வார்த்தைதான் வாயிலிருந்து வரும். அந்த மகாராசன்தான் காலை எட்டரைக்கு வந்துவிடுவேன் என்று திருவனந்தபுரத்தில் இறங்கியதும் பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டு, பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்து நின்றான். சாத்தூரைத் தாண்டிப் பஸ் நகரவில்லை. பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான், பாவம்.

பொன்மணிதான் என்ன செய்வாள்? ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும். மூன்று வயதில் குத்தியிருக்கலாம். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வருடம் தள்ளிப் போட்டாள். இந்த ஐந்தை விட்டால் ஏழு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. பத்து மணி வரைக்கும் ரோட்டையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் செழியனை மணையில் உட்காரச் சொன்னாள்.

இதெல்லாம் முனியராஜின் மண்டையில் ஏறுமா? எட்டு பேர் படுக்கிற அறையில், தன் கட்டிலுக்கு மேலே அந்தக் குழந்தையின் போட்டோவை ஒட்டி வைத்திருந்தவன் அவன். கல்யாணம் இல்லை, அப்பா அம்மா இல்லை. ஊரில் அவனுக்கென்று மிச்சமிருந்தது தாய்மாமன் என்கிற அந்த ஒரு உரிமைதான். அதிலும் இன்னொருத்தன் உட்கார்ந்துவிட்டான் என்றதும் கையை ஓங்கிவிட்டான்.

"அண்ணே, இன்னொரு காது இருக்குல்ல. நீங்க உக்காருங்க," என்றான் செழியன், உதட்டு ரத்தத்தைத் தோளால் துடைத்துக்கொண்டு. அவனுடைய வலது கை மடித்த துண்டுக்குள் இருந்தது.

"ஏலே, மிச்சம் மீதிய எனக்குப் போடுறியாலே? நான் என்ன ஒத்தக் காதுக்கு மாமனா?"

சொல்லிக்கொண்டே சீர்த்தட்டை எட்டி உதைத்தான். தேங்காயும் பழமும் சிதறின. புதுப் பாவாடை அடுப்புச் சாம்பலில் போய் விழுந்தது. செழியனின் தலைமுடியைப் பிடித்து இழுத்து முழங்காலால் முகத்தில் ஒரு குத்து. மூக்கு உடைந்தது. செழியன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் முனியராஜுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. பொங்கல் வைக்க அடுக்கியிருந்த விறகில் கைக்கு வந்த ஒரு வேலிக்கருவைக் கட்டையை உருவினான்.

"மாப்ள! வேண்டாம் மாப்ள!" அக்கா புருசன் பெத்தணன் குறுக்கே விழுந்தார். கட்டையின் முனை அவர் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, பார்வை தெரியாமல் கத்தினார். "எங்கன வேணாலும் அடி, அவன் கையில மட்டும் அடிச்சிராத!"

கோபக்காரனிடம் இப்படியா சொல்வது? எந்த இடத்தில் அடிக்கக்கூடாது என்று சொன்னாரோ அந்த இடத்தைத்தான் முனியராஜ் தேடினான். தேடி, குறி பார்த்து, ஓங்கிப் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் பக்கத்துப் பந்தல் வரைக்கும் கேட்டது. செழியன் "அம்மா" என்று ஒரு அலறல் அலறி மண்டியிட்டான். துண்டு நழுவியது.

அது கை மாதிரியே இல்லை. மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. தொடைத் தோலை வெட்டி ஒட்டிய இடம் இப்போது பிளந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"என்னலே இது கை?" என்றான் முனியராஜ். கட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

பொன்மணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் எதிரே வந்தாள். வந்தவள் ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். மறு கன்னத்தில் இன்னொன்று. பிறகு திரும்பி நின்று, முதுகை மூடியிருந்த முந்தானையை அத்தனை பேர் முன்னாலும் ஒதுக்கினாள். கழுத்திலிருந்து ரவிக்கைக்குள் இறங்கி இடுப்பு வரை, தோல் சுருங்கி வழவழவென்று கிடந்தது.

"பங்குனியில திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில எங்க ரூமு வெடிச்சுச்சு. கூட இருந்த மூணு பொம்பளைக கரிக்கட்டையாப் போனாளுக. எரியிற கதவ வெறுங்கையால பிடிச்சுத் தள்ளி என்னைய இழுத்துட்டு வந்தவன் இவன்."

"காய்ச்சல்னுல்ல மச்சான் போன்ல சொன்னாக..."

"வேற என்னத்தச் சொல்ல? அம்புட்டுத் தூரத்துல ஒத்தையில கெடக்க. விசயம் தெரிஞ்சா சோறு தண்ணி இறங்குமா ஒனக்கு? யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்குனேன். இவன்கிட்டயும் வாங்குனேன். அதான் கையத் துண்டுக்குள்ள மூடி வச்சிருந்தான், பாவி."

பங்குனியில் தொடர்ந்து ஐந்து வெள்ளிக்கிழமை அக்கா போனுக்கு வரவில்லை. காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது என்று மச்சான் சொன்னதை அவன் அப்படியே நம்பினான். ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்று அறைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எவ்வளவு பெரிய மடையன்! முனியராஜ் கட்டையைப் போட்டுவிட்டுச் செழியனைத் தொடப் போனான். பக்கத்துப் பந்தலிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் அவனை நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். செழியனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு வேனில் ஏற்றினார்கள். பெத்தணனும் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டார். வேன் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது.

பொன்மணி முந்தானையை இழுத்துச் செருகினாள். கவிழ்ந்து கிடந்த மணையை நிமிர்த்திப் போட்டு, தானே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்தினாள்.

"ஆசாரி, வாங்க. நேரம் இருக்கு. அடுத்த காதக் குத்துங்க."

ஆசாரி தயங்கித் தயங்கி வந்தார். "தாயி, தாய்மாமன் மடியில வச்சுல்ல குத்தணும்."

"தாய்மாமன் ஆஸ்பத்திரிக்குப் போறான். என் மடியில வச்சே குத்துங்க."

ஆசாரி முனியராஜை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப இவுக?"

முனியராஜ் ஒரு எட்டு முன்னால் வைத்தான். குழந்தை வீறிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பொன்மணி தலையைத் திருப்பக்கூட இல்லை.

"யாரோ கூட்டத்துல வந்தவுக. நீங்க குத்துங்க."

ஆசாரி குனிந்து ஊசியைக் குழந்தையின் வலது காதுக்குக் கொண்டுபோனார். முனியராஜ் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவர்களோடு ஒருவனாக ஒதுங்கி நின்றான்.