மிளகுத் தோப்பில் ஒரு கைதட்டல்

போன அறுவடையில் குழந்தைசாமி மரத்திலிருந்து விழுந்தபோது, ஏணி நழுவுவதைக் கீழே நின்ற நான்கு பேர் முன்பே பார்த்திருந்தார்கள். நான்கு பேரும் வாய் திறக்கவில்லை. மரத்தின் மேல் நிற்கிறவனிடம் விழுவதைப் பற்றிப் பேசக் கூடாது. சொன்னால் பலித்துவிடும். "பார்த்து" என்று சொல்வதே மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் பாதிச் சாபம். அதனால் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார்கள். ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்தது.

குழந்தைசாமியைக் கட்டிலில் கிடத்தி, மூடுபனிக்குள் ரோடு வரை தூக்கிச் சென்றவர்களில் மேஸ்திரி தரணிதரனும் ஒருவன். இருவருக்கும் ஒரே வயது. குழந்தைசாமியின் முறிந்த இடுப்பெலும்பு சேர்ந்தது, ஆனால் இனி ஏணி ஏற முடியாது. இப்போது குழந்தைசாமி மரத்தடியில் உட்கார்ந்து சரங்களிலிருந்து மிளகை உதிர்க்கிறான். எதிரே அவன் உட்கார்ந்திருக்கும்போது தரணிதரனால் மேலே ஆள் அனுப்ப முடியவில்லை. அனுப்பாமலும் முடியாது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், இந்த அறுவடை தொடங்கிய அன்று, தினமும் காலையில் ஏணிகளை எல்லாரும் சேர்ந்து சோதிக்க வேண்டும் என்றான். ஒப்புக்கொண்டார்கள், சோதிக்கவும் செய்தார்கள். ஆனால் ஏணி காலையில் நன்றாக இருந்து மத்தியானம் நழுவலாம். அதைப் பார்க்கிற கண்கள் கீழேதான் இருக்கின்றன, பேசாத வாய்களோடு. அந்த வாய்களை அவனால் மாற்ற முடியாது. அவன் அம்மாவும் அப்படித்தான், அவனும் அப்படித்தான்.

ஆகவே யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தான். தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் கையைத் தட்டினால் போதும். மேலே இருப்பவர் காரணம் கேட்காமல் இறங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் தட்டலாம், யாருக்கு வேண்டுமானாலும்.

"பஜனை மாதிரியில்ல இருக்குது மேஸ்திரி," என்றாள் மாராயி. "தட்டுனா பாட்டும் பாடோணுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் ஒருவரும் தட்டவில்லை. மரமேறுவதில் கெட்டிக்காரனான தேவராஜ் மட்டும், சோறு நன்றாக இருந்தால் தட்டி வைப்பான்.

சரிவுத் தோப்பின் கடைசி வரிசைக்கு வந்த அன்று, எஸ்டேட் சூப்பர்வைசர் அர்த்தனாரி சேந்தமங்கலத்திலிருந்து ஜீப்பில் ஏறி வந்தார். லாரி கீழே காத்திருப்பதாகவும், இன்றே முடியாவிட்டால் அடுத்துப் பறிக்க வேண்டிய மேட்டுத் தோப்புக்கு வேறு ஆட்களை வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆட்கள் போதாததால் மிளகுக்கொடி படர்ந்த உயரமான சில்வர் ஓக் மரத்தில் தரணிதரனே ஏறினான்.

மாராயி கீழே சரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, ஏணியை மரத்தோடு பிணைத்த கயிறு தளர்ந்து தொங்குவதைக் கண்டாள். போன வருடத்து நான்கு பேரில் அவளும் ஒருத்தி. மேலே நிற்பவன் மேஸ்திரி. பக்கத்தில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தப்பாகிப்போனால் தேவராஜ் அடுத்த பொங்கல் வரைக்கும் கேலி செய்வான். கைகள் மடியை விட்டு எழவில்லை. பிறகு எழுந்தன.

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் தோப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தரணிதரனுக்குக் கண்ணெதிரே முடிச்சு தெரிந்தது, இறுக்கமாகவே இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கொத்துக் கொத்தாய் மிளகு. அவன் அதைத் தொடாமல் இறங்கினான்.

"கயிறு தொங்குற மாதிரித் தெரிஞ்சுதுங்க," என்றாள் மாராயி.

சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். அறுந்த மிளகுக்கொடி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து மரத்தின் மேலிருந்து தேவராஜ் சிரித்தான். மாராயியின் முகம் கறுத்தது. இன்று இவள் தலைகுனிந்தால் இனி இந்தத் தோப்பில் எந்தக் கையும் எழாது என்று தரணிதரனுக்குத் தெரிந்தது.

"நல்லாப் பாத்தீங்கக்கா," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "கீழிருந்து எனக்கும் அப்படித்தான் தெரியுது. நாளைக்கும் கொடி ஆடுனாத் தட்டோணும்."

"கொடி ஆடறதுக்கெல்லாம் எறங்குனா லாரி எப்பப் போறது?" என்றார் அர்த்தனாரி.

"எத்தன தடவ வேணும்னாலும் சும்மா எறங்குறேனுங்க. ஒருத்தரக் கட்டில்ல தூக்கிட்டுப் போறதுக்கு அது மேலுங்க. மேட்டுத் தோப்பு கெடைக்காட்டிப் போவுதுங்க."

அர்த்தனாரியின் பார்வை மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த குழந்தைசாமியிடம் போய் நின்றது. தரணிதரன் கொடியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஏறினான்.

வெயில் சாயும் நேரத்தில் தேவராஜ் அடுத்த மரத்துக்கு ஏணியை மாற்றி, பாடியபடியே பாதி உயரம் ஏறியிருந்தான். அப்போது யாரோ தட்டினார்கள், பலமாக, விடாமல். குழந்தைசாமி.

பாட்டு நின்றது. தேவராஜ் ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. ஒவ்வொரு கணுவாகக் கால் வைத்து இறங்கி வந்தான். குழந்தைசாமி ஏணியின் அடியைக் காட்டினான். அது பாசி படிந்த பாறையின் மேல் நின்றது, கொஞ்சம் நகர்ந்தும் இருந்தது. தேவராஜ் ஏணியை மண்ணுக்கு மாற்றி, கட்டை வைத்து இறுக்கி, காலால் உதைத்துப் பார்த்தான்.

"இப்பச் சரியாண்ணே?" என்று கேட்டான்.

குழந்தைசாமி தலையசைத்த பிறகுதான் ஏறினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் மூன்று மரங்கள் மிச்சமிருக்க இருட்டிவிட்டது. அர்த்தனாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பிறகு தரணிதரனைக் கூப்பிட்டார்.

"இத நாளைக்கு முடிச்சுட்டு மேட்டுத் தோப்புக்கு வந்துருங்க. அங்க மரம் இன்னும் ஒசரம். இந்த ஆளுங்களையே கூட்டிட்டு வாங்க."

"எல்லாரையுங்களா?"

"எல்லாரையுந்தான். உக்காந்திருக்கறவரையும்."