முப்பதைத் தாண்டாத காற்று

என் கணவரை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் டயர் கடை நடத்துகிறோம். அவர் ஒட்டுவார், நான் காற்றடிப்பேன், வருகிறவர்களோடு வாயடிப்பதும் நான்தான். எங்களுக்குள் தீராத சண்டை ஒன்றே ஒன்று. டியூபில் ஓட்டை எங்கே என்று பார்க்க ஊர் உலகமே தண்ணீரில் முக்கும். இவர் மட்டும் டியூபைக் கன்னத்தருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இந்தா, இங்க சில்லுனு வருது" என்பார். "ஆமா, பெரிய மந்திரவாதி!" என்று திட்டுவேன். பாழாய்ப்போன கன்னம் ஒருநாளும் தப்புச் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குச் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றியது. நாலே நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு கிடந்தார். இரண்டு நுரையீரலும் புண்ணாகி நீர் கோத்துவிட்டதாம். ஏ.ஆர்.டி.எஸ். என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். மயக்கத்தில் வைத்து, மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது.

மறுநாள் காலை உள்ளே போனால், மனுஷன் குப்புறக் கிடக்கிறார்!

"அடப்பாவிங்களா, ஆளையே கவுத்துட்டீங்களே!" என்று கத்தினேன்.

நர்ஸ் அசரவே இல்லை. "வேணும்னுதாம்மா கவுத்தோம். மல்லாந்தே கிடந்தா முதுகுப் பக்கத்து நுரையீரல் அமுங்கிப் போகுது. குப்புறப் போட்டா அந்தப் பக்கம் விரியும். தினமும் பதினாறு மணி நேரம் இப்படித்தான்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுலயும் இப்படித்தான் கிடப்பாரு" என்று அசடு வழிந்தேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். கண் மெஷின் மேல் போய்த் தொலைந்தது. அழுத்தம் என்று நர்ஸ் காட்டிய இடத்தில் இருபத்தெட்டு. எனக்கு வந்ததே கோபம்!

"சைக்கிளுக்கே நாங்க அம்பது வைக்கிறோம். முழு மனுஷனுக்கு இருபத்தெட்டா? காத்துக்குமா பஞ்சம்? ஏத்துங்க சிஸ்டர்!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இது வேற அளவு. இதை உங்க மீட்டர்ல வச்சா முள்ளு அசையக்கூட அசையாது." பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்களே சொல்லுங்க. பாதி ஒட்டுப் போட்ட டியூப்ல காத்தை அடிச்சுத் தள்ளினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? ஒட்டின இடம் விறைப்பா நிக்கும். நல்லா இருக்கற இடம் புடைச்சு..."

சட்டென்று திரும்பி அவர் முதுகைப் பார்த்தேன்.

"அதேதான். நீர் கோத்த இடம் விரியாது. காத்தெல்லாம் நல்ல இடத்துக்கே போய் அதையும் கிழிச்சிடும். அதனாலதான் சின்னச் சின்ன மூச்சா, முப்பதைத் தாண்டாம குடுக்கறோம். மேல கெடாம பாத்துக்கறதுதான் எங்க வேலை. நுரையீரல் தானா ஆறணும்."

"ஆறுமா?"

"நிறைய பேருக்கு ஆறியிருக்கு. இவருக்கு ஆறும்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியலைக்கா."

வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் இல்லாமல் அந்தக் கடையை நான் ஏன் திறக்க வேண்டும்?

அழுது முடித்ததும் காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். பார்வை நேரம் முழுக்க அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். ஒன்று ஏறினாலும் விடமாட்டேன். "சிஸ்டர்! முப்பத்தொண்ணு!"

"அவரு இருமுறாரும்மா. இருமக்கூடவா விடமாட்டீங்க?"

மூன்றாம் நாளே எனக்கு மீட்டரக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வார்டு பெருக்குகிற அம்மாகூட, "மீட்டரக்கா, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார். நுரையீரல் இளக இளக, எண் மெல்ல மெல்ல இறங்கியது. இருபத்தாறு, இருபத்துநாலு, இருபது. ஒன்பதாம் நாள் குப்புறப் போடுவதை நிறுத்தினார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை டாக்டரம்மா சொன்னார். "இன்னைக்கு வாய்க் குழாயை எடுக்கப் போறோம். தானா மூச்சு விட முடியலைன்னா திரும்பப் போட வேண்டியிருக்கும். மனசைத் திடப்படுத்திக்கங்க."

கதவுக்கு வெளியே நின்றேன். அரை மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நர்ஸ் கையாட்டிக் கூப்பிட்டார்.

மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய் மட்டும் இருந்தது. கண் மூடியிருந்தது. "எல்லாம் நல்லா இருக்கும்மா, திரையைப் பாருங்க" என்றார் நர்ஸ். நான் பார்க்கவில்லை. எத்தனை பொய் மீட்டர் பார்த்தவள் நான்! குனிந்து, என் கன்னத்தை அவர் வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்தது. டியூப் காற்று மாதிரி சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக. ஒன்று. இன்னொன்று. இன்னும் ஒன்று.

"எங்க... லீக்கு?" தொண்டை கரகரக்க, காதருகே ஒரு குரல்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இங்கதாங்க வருது" என்றேன். "இதை மட்டும் ஒட்டவே கூடாது."