இரண்டாவது பாக்ஸ்

கண்ணாடிக்காரருக்கு அந்தக் கட்டடம் முழுக்கப் பேசத் தெரிந்தவர் என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசிப் பேசிப் பழுத்த வாய். தண்ணீர் வரவில்லையா, லிஃப்ட் நின்றுவிட்டதா, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறாரா, எதுவானாலும் "கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் பேசிப்பார்" என்பார்கள். அவரும் பேசுவார். பேசி முடித்ததும் காலரைச் சரிசெய்துகொண்டு, பெரிய வழக்கை ஜெயித்து வந்தவர் மாதிரி நிற்பார். அப்பேர்ப்பட்ட வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடைத்துப்போனது.

மாடி வீட்டு அக்கா அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். காலமான கேஷியரின் மனைவி. கண்ணாடிக்காரர் மாடியேறிப் போனபோது அக்கா டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இந்த டிவி கனெக்ஷனை நிறுத்திடலாம்னு இருக்கேன். போன் பண்ணா அந்தக் கம்பெனிக்காரங்க விடமாட்டேங்கிறாங்க. அது தர்றோம், இது தர்றோம்னு பேசியே ஆளை மயக்கிடறாங்க. நீங்க கொஞ்சம் பேசி நிறுத்திக் குடுங்களேன்."

கண்ணாடிக்காரர் பேச்சை எப்படி மாற்றலாம் என்று பார்த்தார். காரணம் இருக்கிறது.

அக்கா வீட்டுக் கனெக்ஷனில் இன்னொரு செட்டாப் பாக்ஸ் உண்டு. அது கீழே, கண்ணாடிக்காரர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கேஷியர் உயிரோடு இருந்தபோது ஒரு மேட்ச் சமயத்தில் அவராகவே ஆசைப்பட்டுப் போட்டுக் கொடுத்தது. பால்கனி வழியாக ஒரு வயர் இறங்கியது. "தனி கனெக்ஷன் எதுக்கு தம்பி? ரெண்டாவது பாக்ஸுக்கு உண்டான காசை மட்டும் மாசாமாசம் எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார். கண்ணாடிக்காரர் இரண்டு மாதம் கொடுத்தார். மூன்றாவது மாதம் மறந்தார். நான்காவது மாதம் மறக்கவில்லை, ஆனாலும் கொடுக்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் ஊரான் பணத்தை ஒரு காசு குறையாமல் எண்ணி வாங்கிய கேஷியருக்குத் தன் பணத்தைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார். பேச்சு வராத இடத்தில் சம்மதம் இருப்பதாகக் கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். எவ்வளவு வசதி பாருங்கள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே அவருடைய மனைவி, மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவிலிருந்து டிவிக்கென்று காசை எடுத்து அவர் கையில் வைத்துவிடுவாள். "மாடி அண்ணன்கிட்ட மறக்காம குடுத்துடுங்க." அந்தக் காசு டீக்கடைக்குப் போனது. நண்பர்களோடு உட்கார்ந்தால் பில்லுக்கு முதலில் நீளும் கை இவருடையதுதான். தாராள மனசு என்று அவர்கள் தோளில் தட்டுவார்கள். யார் காசு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கேஷியர் படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கண்ணாடிக்காரர்தான் ஓடினார். பொய்யான ஓட்டமில்லை, மெய்யாகவே ஓடினார். அந்த ஓட்டத்திலேயே எல்லாம் நேராகிவிட்டது என்று அவர் மனசு தானாகவே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டது. கேஷியர் போனபிறகும் கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். "அக்கா கையில குடுத்தீங்களா?" என்று கேட்டால், "ம்" என்பார்.

இப்போது கனெக்ஷன் போனால் டிவி போகும், அது பெரிதில்லை. மாதம் தவறாமல் காசு கொடுத்தும் ஏன் போனது என்று மனைவி கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது?

"எதுக்குக்கா நிறுத்தணும்? உங்களுக்கும் பொழுது போகணும்ல?"

"வேண்டாம் தம்பி. பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்."

வேறு வழியில்லாமல் போனை வாங்கி நம்பரை அழுத்தினார். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண் குரல் வந்தது. தேன் தடவிய குரல். "எதுக்காக சார் நிறுத்துறீங்க? உங்களுக்காக ஒரு சலுகை இருக்கு. மூணு மாசத்துக்குப் பாதிக் கட்டணம்தான்."

"பாதியா!" கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. "அக்கா, பாதி விலைக்குத் தர்றாங்களாம். இது நல்லா இருக்கே!"

"வேண்டாம் தம்பி."

"சினிமா சேனல் எல்லாம் இலவசமா சேர்த்துத் தர்றோம் சார்."

"அக்கா, சினிமா சேனலும்..."

நிறுத்துவதற்காகக் கூப்பிட்ட ஆள், கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்த ஆள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போன் பக்கம் குனிந்து, "கனெக்ஷன் அவர் பேர்ல இருக்கும்மா. அவர் இப்ப இல்ல. நான் அவர் வீட்டுக்காரி. நிறுத்திடுங்க" என்றார்.

அந்தக் குரலில் இருந்த தேன் காணாமல் போனது. "மன்னிச்சுக்கங்க மேடம். இப்பவே நிறுத்திடறேன். உங்க கணக்குல ரெண்டு பாக்ஸ் காட்டுது. ரெண்டாவது பாக்ஸுக்குத் தனியா மாசக் கட்டணம் போயிட்டு இருக்கு. எங்க ஆள் எடுக்க வர்றப்போ ரெண்டையும் ரிமோட்டோட குடுத்துடணும். ஒண்ணு குறைஞ்சாலும் அபராதம் போட்டுடுவாங்க. ரெண்டும் வீட்லதானே இருக்கு?"

கண்ணாடிக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் படிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் படித்தார்.

"ரெண்டும் பத்திரமா இருக்கும்மா" என்றார் அக்கா. இவர் பக்கம் திரும்பவே இல்லை.

"சரிங்க மேடம். இதோ நிறுத்திட்டேன்."

அக்காவின் டிவி அணைந்தே இருந்ததால் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. கீழேயிருந்துதான் படிக்கட்டு வழியாக அந்தக் கூச்சல் ஏறி வந்தது.

"அப்பா! டிவி போச்சு! அப்பா!"

மகளின் குரல். காலையிலிருந்து பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் மூன்றாவது மாடியில் பூமிக்கு எங்கே போவது?

போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "அக்கா, உங்க வீட்லயும் டிவி போச்சா?"

கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். இந்த ஒரு தடவை காப்பாற்றுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஆமாம்மா," என்றார் அக்கா மெதுவாக. "எங்க வீட்லயும் போச்சு."

அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை முழுசாக விடுவதற்குள், மனைவியின் கண் போன் மேல் விழுந்தது.

"லைன்ல கம்பெனிக்காரங்களா? குடுங்க இப்படி." வாங்கிக்கொண்டாள். வாய் அவருக்கு மட்டும்தானா, அவளுக்கும் உண்டு. "என்னங்க இது அநியாயமா இருக்கு? மாசம் பொறந்தா முதல் வேலையா டிவிக்குத்தான் காசு எடுத்து வைக்கிறேன். பிள்ளைக்குச் செருப்பு வாங்கறதைக்கூடத் தள்ளிப் போட்டிருக்கேன், இதைத் தள்ளினதில்ல. என் கையால எண்ணிக் குடுக்கறேன். ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் தவறியிருக்குமா? கேட்டுப் பாருங்க, இந்த அக்காவே சொல்வாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். தப்பு செய்தவர் தலை நிமிர்ந்து நிற்கிறார், ஒரு பாவமும் அறியாத அக்கா தரையைப் பார்க்கிறார். மனைவி சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அக்காவின் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவள் நேராகத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார், ஊர் கூடிச் சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"உங்க வாடிக்கையாளர் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றது போன்.

மனைவி திரும்பினாள். "நம்ம நம்பர் என்னங்க?"

"நமக்கு நம்பர் இல்ல."

"இல்லன்னா?"

"இது அக்காவோட கனெக்ஷன்தானே. அக்காதான் நிறுத்தச் சொன்னாங்க." மறுபடி காலண்டரைப் பார்த்தார். "நீ குடுத்த காசை நான் குடுக்கல. அண்ணன்கிட்டயும் குடுக்கல, அக்காகிட்டயும் குடுக்கல."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காதான் கை நீட்டி அதை வாங்கி அணைத்தார்.

மனைவி வாசல் பக்கம் திரும்பினாள். கத்தியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் விடுவிடுவென்று இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாக்ஸைக் கழற்றி, தூசி துடைத்து, வயரை அழகாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் மேஜையில், முதல் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மன்னிச்சுடுங்கக்கா. பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்."

"ஐயோ, அதெல்லாம் என்னம்மா இப்ப..." என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடிக்காரர் எதற்கும் உதவாமல் நின்றார். பிறகு, நிற்பதற்கும் தகுதியில்லை என்று தோன்றி, இறங்கிப் போனார்.

சாயங்காலம் மகள் சோபா இடுக்கிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். எடுத்த பழக்கத்தில் டிவியைப் பார்த்து ஒரு தடவை அழுத்தியும் பார்த்தாள். "அப்பா, நாம காசு கட்டலையா?"

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "அம்மா குடுத்தேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி ரிமோட்டை அவர் கையில் வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு மறுபடி மாடியேறினார். அந்தப் படிகளில் இத்தனை வருஷமாக அவருக்குக் கால் கனத்ததில்லை.

அக்கா கதவைத் திறந்தார். அந்த நேரத்தில் வழக்கமாகச் செய்தி வாசிக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும். இன்றைக்கு மின்விசிறி சத்தம் மட்டும் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு பாதியில் இருந்தது.

"ரிமோட்டுக்கா. இதுவும் குடுக்கணும்னு சொன்னாங்கல்ல."

"ஆமா தம்பி." வாங்கிக்கொண்டார்.

அதோடு திரும்பியிருக்கலாம். பேசிப் பழகிய வாயாயிற்றே. "டிவி இல்லாம உங்களுக்கு எப்படிக்கா பொழுது போகும்?" என்று கேட்டுவிட்டார்.

அக்கா ரிமோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நிறுத்தணும்னு எனக்கு ஆசையா என்ன? சாப்பிடறப்போ பக்கத்துல ஒரு மனுஷக் குரல் கேக்கும், அதுக்காகத்தான் வச்சிருந்தேன். அவர் போனதும் வருமானம் குறைஞ்சு போச்சு. என் பாக்ஸுக்கு மட்டும்னா எப்படியாவது கட்டிடுவேன். உங்க பாக்ஸ் காசைக் கேக்கணும்னு மாசாமாசம் படி வரைக்கும் வருவேன் தம்பி. வந்துட்டுத் திரும்பிடுவேன். அவருக்கும் கேக்க வரல, எனக்கும் வரல. உங்க பாக்ஸை மட்டும் நிறுத்தினா அதுவும் கேட்ட மாதிரிதான். அதான் மொத்தமா நிறுத்திட்டேன். இன்னைக்கு உங்களைப் பேசச் சொன்னதே, நீங்களா ஏதாவது சொல்லுவீங்கன்னுதான்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நாளைக்கே திரும்பப் போட்டுடலாம். நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம். முழுசா நானே மாசாமாசம் கட்டறேன். சத்தியமா."

அக்கா அவசரமாகத் தலையை ஆட்டினார். அந்த முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் தெரிந்தது.

"வேண்டாம் தம்பி. அப்புறம் அதையும் நான் உங்ககிட்ட கேக்க வேண்டியிருக்கும்."

சொல்லிவிட்டு, அவர் இறங்கிப் போவதற்காகப் படிக்கட்டு விளக்கைப் போட்டார்.