பேரவைக்குப் போன மனு

"ஜட்ஜையா மேலயே மனு போட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" மாமியார் மனுவின் நகலை மருமகள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "என் புள்ளையைப் பறிகொடுத்துக் கெடைச்ச வேலைடி இது."

"கோர்ட்டுல பியூன் வேலைதான் அத்தை கெடைச்சுது. அவங்க வீட்டுத் துணி துவைக்கிற வேலை இல்ல."

புருஷன் பார்த்த வேலை. கருணை வேலை என்று பெயர். தினமும் ஜட்ஜையா வீட்டில் இரண்டு வாளித் துணி துவைத்துவிட்டுத்தான் கோர்ட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்பது சேர்ந்த மறுநாளே தெரிந்துபோயிற்று. சோப்பு தின்று விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

கோர்ட்டு டைப்பிஸ்ட்தான் வழி சொல்லியிருந்தாள். "மேல நீதிபதிகள் பேரவைன்னு ஒண்ணு இருக்குக்கா. ஒம்போது பேரு. ஜட்ஜுங்களை மாத்துறது, தண்டிக்கிறது எல்லாம் அவங்கதான்."

"அந்த ஒம்போது பேரும் யாரு?"

"ஜட்ஜுங்கதான்."

"அவங்க வீட்டுத் துணியை யாரு துவைக்கிறா?"

டைப்பிஸ்ட் சிரித்தாள். பிறகு மனுவை அடித்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பேரவையின் முத்திரையோடு உறை வந்தது. தபாலை ஜட்ஜையா மேசைக்குக் கொண்டுபோவதும் அவள் வேலைதான். அவர் பிரித்தார். உள்ளே அவள் கையெழுத்துப் போட்ட அதே மனு. மேலே ஒரு குறிப்பு: புகாரை அந்த வட்டத்தின் தலைமை நீதிபதி விசாரித்து அறிக்கை அனுப்பவும்.

வட்டத்தின் தலைமை நீதிபதி அவரேதான்.

அவர் கோபப்படவில்லை. "உக்காரும்மா," என்றார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமாங்கய்யா. நீங்கதான்."

அவர் தலையாட்டிக்கொண்டே நிதானமாக எழுதினார்: 'மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார். புகாரில் உண்மை இல்லை.'

"இன்னிக்குத் தபால்லயே போயிடணும். அப்புறம், வீட்டுல ஜன்னல் திரையெல்லாம் ஊற வெச்சிருக்காங்களாம். அப்படியே போய் அலசிப் போட்டுடு."

வெளியே வந்து உறைக்குப் பசை தடவினாள். வெடித்த விரல் பட்டு, பேரவையின் விலாசத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு கறை விழுந்தது. துடைக்க முந்தானையை எடுத்தவள், அப்படியே விட்டுவிட்டாள். கறையோடு பெட்டியில் போட்டாள்.

பிறகு ஜட்ஜையா வீட்டுப் பக்கம் நடந்தாள்.