சோற்றுப் பை தொங்கிய கொக்கி

பொழுது புலர்வதற்கு முன்பே பலராமன் ஓர் இரும்புக் குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் நடந்தான். முழங்கால் வரை சேறு. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் பிடரியில் விழுந்து முதுகெல்லாம் வழிந்தது. வளைவைத் தாண்டியதும் வாசல் விளக்கின் வெளிச்சம் மறைந்தது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். மரை இறுகிக் கிடந்தது. உள்ளங்கைத் தோல் கிழிந்தது. அவன் அதை லட்சியம் செய்யவில்லை. அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி எறியாமல் அவனுக்கு இனித் தூக்கம் வராது.

நாலு நாளைக்கு முன்னால் அதை மாட்டியவனும் அவன்தான்.

செங்கம் சாலைக்கு அப்பால் கரட்டைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள். உள்ளே நானூறு அடி போனால் வாக்கிடாக்கி செத்துவிடும். அது அங்கேயும் பேச வேண்டுமானால் சுவர் நெடுக ஒரு கேபிள் வடம் ஓட வேண்டும். அதற்காகப் பத்தடிக்கு ஒரு கொக்கி அடித்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. வடம் மட்டும் வந்தபாடில்லை. தொழிலாளர்கள் அந்தக் கொக்கிகளில் சோற்றுப் பையை மாட்டிக்கொண்டார்கள். உயிரைக் காக்கும் வடம் ஓட வேண்டிய இடத்தில் புளிச்சோறு தொங்கியது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

வடம் இல்லாத குறைக்கு அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். சுவரோரம் ஓடுகிற தண்ணீர்க் குழாயில் சுத்தியலால் தட்டுவது. பாதையில் ஆள் இருந்தால் உள்ளே காசி விடாமல் தட்டுவான். வாசலில் கொடி காட்டும் பொன்னி குழாயில் காதை வைத்துக் கேட்பாள். தட்டல் கேட்டால் தளவாட வண்டி நிற்கும். சத்தம் இல்லையென்றால் பாதை காலி என்று அர்த்தம். பச்சைக் கொடி அசையும். அந்த ஏற்பாட்டில் இருந்த விபரீதம் எட்டு மாதமாக ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

அன்று குழாய் ஒழுகியது. வேலை நிற்கக்கூடாது, கையில் கிடைத்ததைப் போட்டு மூடு என்று விரட்டினார் ஒப்பந்ததாரர் ராஜமாணிக்கம். ஃபிட்டர் பலராமன் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை இடையில் சேர்த்தான். ஒழுகல் நின்றது. இரும்பில் ஓடிவந்த தட்டலும் அங்கேயே நின்றது. மறுநாள் காலையில் காசி தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். பொன்னியின் காதில் ஒன்றும் விழவில்லை. பச்சைக் கொடியைப் பார்த்து டிரைவர் முருகவேல் வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டான். பாதையில் குனிந்திருந்த இரண்டு பேரைத் தள்ளிவிட்ட காசிக்குத் தான் விலக நேரம் கிடைக்கவில்லை. வலது கால் முழங்காலோடு போய்விட்டது.

இரும்புக் குழாயை மாட்டிவிட்டுப் பலராமன் வாசலுக்கு வந்தபோது மணி ஏழு. ராஜமாணிக்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு தாள். குழாயை மாற்றி மாட்டியது தன் சொந்தத் தவறு என்று பலராமன் எழுதிக் கொடுத்ததாக அதில் டைப் அடித்திருந்தது.

"கையெழுத்து போட்டுட்டு வேலையப் பாரு. போடலன்னா உனக்கு வேல இல்ல. அவ்ளோதான்."

பலராமனின் நெஞ்சே மூன்று நாளாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காசியின் மனைவி ஆராயி அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் பேனாவை வாங்கினான்.

"போடாதீங்கண்ணா," என்றாள் பொன்னி. "இன்னிக்கி உங்க கையில தாளு. நாளைக்கி கொடி காட்னவன்னு எங்கையில, வண்டி ஓட்னவன்னு முருகவேலு கையில. கொக்கி மட்டும் அப்டியே காலியா கெடக்கும்."

பலராமன் அவளைப் பார்த்தான். பேனாவை மூடி ராஜமாணிக்கத்திடமே நீட்டினான்.

"வடம் எப்ப சார் வரும்?"

"அதான் இரும்புக் குழா மாட்டிட்டியே. இன்னும் இன்னாய்யா வடம்?"

"அது தண்ணி வர்ற குழா சார். ஆள் உசுரு அதுல போவக்கூடாது."

பௌர்ணமிக்குள் தண்டவாளத்துக்கு அடியில் போடும் அறுநூறு ஸ்லீப்பர் இறங்கியாக வேண்டும், மேலே இருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று ராஜமாணிக்கம் கத்தினார். ஊரில் ஆளுக்கா பஞ்சம், நாளைக் காலை இரண்டு வேனில் கொண்டுவந்து இறக்குவேன் என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷன். அது எல்லாருக்கும் தெரியும்.

பலராமன் உள்ளே போனான். பழக்கதோஷத்தில் விடியற்காலையே மாட்டியிருந்த தன் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொரு பையாக வெளியே வந்தது. இருபத்தாறு பேரும் வாசலோரம் உட்கார்ந்தார்கள்.

ராஜமாணிக்கம் பொன்னி பக்கம் திரும்பினார். "உள்ள யாருமில்ல. குழாயில சத்தமும் இல்ல. கொடியக் காட்டு, வண்டி போவட்டும்."

பொன்னி குனிந்து குழாயில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அன்றைக்கும் இதே அமைதிதான். நிமிர்ந்து சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

"இனிமே சத்தம் இல்லன்னா நிறுத்தம் சார்."

எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். மூன்று நாளாக முருகவேலோடு ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ராஜமாணிக்கம் அவனைப் பேர் சொல்லி அதட்டினார். வண்டி கொஞ்ச நேரம் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு எஞ்சின் அணைந்தது. முருகவேல் இறங்கி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். பலராமன் நகர்ந்து இடம் விட்டான். தூக்குச் சட்டியின் மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவன் பக்கம் தள்ளினான்.

ராஜமாணிக்கம் போனில் வேனுக்குச் சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

"நாளைக்கி வந்துடுவானுங்களேண்ணா," என்றான் முருகவேல்.

"வரட்டும்," என்றான் பலராமன். "அவனுங்களும் சோத்துப் பையோடதான் வருவானுங்க. மாட்றதுக்கு முன்னாடி, அந்தக் கொக்கி எதுக்கு அடிச்சதுனு காட்டுவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.