நோட்டில் என்ன எழுதினார்?

நம்ம ஊர் ஃபுட்பால் டீமுக்குப் புது கோச் வந்து இரண்டே ஆட்டம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊர் பூராவும் ஒரே கேள்வி: அந்த மனுஷன் நோட்டில் அப்படி என்னதான் எழுதுகிறார்?

டீம் ஒன்றில் தோற்று, ஒன்றில் டிரா செய்ததைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. தோற்பது நமக்குப் பழகிப்போன சமாச்சாரம். இதற்கு முன்னால் இருந்த ஆறு கோச்சுகளும் தோற்றார்கள், நம்மிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் வசவை உட்கார்ந்து எழுதிக்கொள்கிற கோச்சை யார் பார்த்தது?

இதில் ரொம்பவும் கலங்கிப்போனவர் ஹாரன். ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருக்கிறது, அதை அவரே மறந்து பல வருஷம் ஆகிறது. குரல் அப்படி. அவர் பொண்டாட்டியிடம் மெதுவாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் அவர் வாயைத் திறக்க முடியாது. தலைக்கு மேலே பலகை தொங்குகிறது: 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.' பயணிகள் அதைப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஏன் லேட்டு, ஏன் இப்படி பிரேக் போடுகிறாய், கண்ணு தெரியவில்லையா. ஹாரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புவார்.

சனிக்கிழமை மத்தியானம்தான் அவருக்கு வாய் திறக்கும். மைதானத்தில் மூன்றாம் வரிசை, பதினாலாம் நம்பர் சீட்டு. இருபத்திரண்டு வருஷமாக வருஷச் சீட்டு வாங்கி அதே இடம். நேர் கீழே கோச்சின் பெஞ்சு, தரையிலிருந்து மூன்று படி இறங்குகிற ஒரு பள்ளத்துக்குள். கூரை கிடையாது. மேலேயிருந்து பார்த்தால் கோச்சின் உச்சி மண்டை நன்றாகத் தெரியும். திட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை என்று ஹாரன் சொல்வார். ஒரே ஒரு குறை: இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோச்கூட ஒரு தடவைகூட திரும்பிப் பார்த்ததில்லை.

போன சீசனில் ஒரு வார்த்தை அதிகமாகப் போய்விட்டது. பழைய கோச்சின் குடும்பத்தை இழுத்துவிட்டார். கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு புகார், சீட்டு ரத்து, வாழ்நாள் முழுக்க உள்ளே வரக்கூடாது. அந்தக் கடிதத்தை அவர் மனைவி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போனாலும் அதைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்படியும் முதல் ஆட்டத்தில் பன்னிரண்டாம் நிமிஷம் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யோவ் புது கோச்! உன் ரெண்டாம் நம்பர் நின்னுக்கிட்டே தூங்குறான்யா! போய் போர்வை போத்தி விடு!"

புது கோச் ஒல்லியான ஆள், பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அவர் திரும்பவில்லை. கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார். பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹாரன் அடுத்து ஒன்று கத்தினார். கோச் அதையும் எழுதினார்.

பக்கத்துச் சீட்டில் ஹாரனின் மச்சான், மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவன். "அத்தான், சும்மா ஏதாவது கத்துங்க. எழுதறாரான்னு பார்ப்போம்" என்றான்.

"சாப்பிட்டியா கோச்?"

நோட்டு வெளியே வரவில்லை.

"அப்ப எல்லாத்தையும் எழுதல. பொறுக்கி எடுத்து எழுதறாரு" என்றான் மச்சான். இது இன்னும் மோசம். எல்லாவற்றையும் எழுதினால் பைத்தியம் என்று விட்டுவிடலாம். பொறுக்கி எழுதுகிறவனுக்கு ஏதோ திட்டம் இருக்கிறது.

இரண்டாம் ஆட்டத்துக்கு மச்சான் எங்கிருந்தோ ஒரு பைனாகுலர் கொண்டுவந்தான். டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிற கண் அது. ஹாரன் வேண்டுமென்றே இரண்டு கத்து கத்தினார். கோச் எழுதினார். மச்சான் எழுந்து நின்று குறிபார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்து பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"எழுத்து சரியாத் தெரியல. ஆனா ஒரு வார்த்தை தெரிஞ்சுது." ஹாரனின் காதருகே குனிந்தான். "ஹாரன்னு எழுதியிருக்கு அத்தான். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஒரு பக்கம் பூரா."

 ஹாரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தேதி, நிமிஷம், பெயர், பேச்சு. பிசகில்லாத புகார்! கிளப்பில் கொண்டுபோய் நீட்டினால் முடிந்தது கதை.

அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவை மட்டும் கையால் காட்டினாள்.

அதனால் மூன்றாம் ஆட்டத்துக்கு முன்பே அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாட்டினால் ஒரு ஹாரன் மட்டுமா மாட்டுவார்? யாரும் திட்டக்கூடாது. சொல்லவேண்டியது இருந்தால் மரியாதையாகச் சொல்ல வேண்டும். பாவம், அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

"மதிப்பிற்குரிய கோச் அவர்களே!" என்று ஆரம்பித்தார் ஹாரன். "நம்முடைய இடது பக்கத்தில் சற்றே... சற்றே..." அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இடது பக்கத்தில் கோல் விழுந்துவிட்டது.

நாலாம் வரிசையில் ஹாரனுக்கு நேர் பின்னால் உட்காருகிற தையல்கார அக்கா, நாக்கில் நெருப்பை வைத்திருக்கிற மனுஷி, "பரவாயில்லை கோச் சார், அடுத்த முறை முயற்சி செய்யலாம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மச்சான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோச்சையே பார்த்தான். நோட்டு கையில் திறந்தபடி இருந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது. தொண்ணூறு நிமிஷத்தில் அந்த ஆள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார், அவ்வளவுதான். மூன்றுக்குப் பூஜ்யம். இப்படி ஒரு தோல்வி பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கோச் ஏறினார்.

ஹாரன் கண்ணாடியில் பார்த்தார். கோட்டு அதேதான், பையில் நோட்டின் விளிம்பு தெரிந்தது. உள்ளே காலி சீட்டு இருந்தும் அவர் போய் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாந்து பலகையைப் படித்தார். வாயை மூடிக்கொண்டார். ஆறு ஸ்டாப், ஏழு ஸ்டாப், அந்த ஆள் வாயைத் திறக்கவே இல்லை. அந்தப் பலகையை மதித்த பயணியை ஹாரன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். பயத்திலும் ஒரு மூலையில் அவருக்கு ஆள் மேல் மரியாதை வந்தது.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். ஹாரன் எஞ்சினை அணைத்தார்.

"இப்பப் பேசலாமா அண்ணே?" என்றார் கோச்.

"சொல்லுங்க சார்." ஹாரனின் குரல் ஹாரன் மாதிரியே இல்லை.

"சனிக்கிழமை ஏன் யாருமே ஒண்ணும் சொல்லல? என் மேல கோவமா?"

ஹாரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புகார் எழுதறீங்கன்னு..." என்று இழுத்தார்.

 கோச் நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். "படிங்க."

ஹாரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'12. ஹாரன்: ரெண்டாம் நம்பர் தூங்குகிறான். சரி.'

'31. ஹாரன்: நடுவில் லாரி போகிற ஓட்டை. சரி.'

'40. மருந்துக்கடை: பந்து பிடிக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கையுறை. சரி. கையுறை மாற்ற வேண்டும்.'

'55. ஹாரன்: பதினொன்றாம் நம்பர் சோம்பேறி. தப்பு.'

'70. தையல்கார அக்கா: கோச்சை வீட்டுக்கு அனுப்பு. யோசிக்கலாம்.'

ஹாரன் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே இடத்தில் கண் நின்றது. "இது என்ன சார், தப்புன்னு போட்டிருக்கீங்க? அவன் ஓடவே மாட்டேங்கறானே!"

"நான்தான் நிக்கச் சொன்னேன். அவன் இடது ஓரத்துல நின்னா எதிராளி ரெண்டு பேரு அவனுக்குக் காவல் நிப்பாங்க. அப்ப எந்தப் பக்கம் காலியாகும்?"

ஹாரன் யோசித்தார். மைதானம் கண்முன்னால் விரிந்தது. "வலது பக்கம்."

"பாத்தீங்களா, டக்குனு சொல்றீங்க. ரெண்டு ஆட்டத்துல பத்தொன்பது சொல்லியிருக்கீங்க, பதினாலு சரி. எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் பள்ளத்துக்குள்ள உக்காந்தா முழங்கால்தான் தெரியுது அண்ணே. பத்து ஜோடி முழங்கால். மேல ஏறி நின்னா கோட்டுக்கு ஓரடிதான் இடம், லைன் நடுவர் விரட்டறாரு. உங்க வரிசையில வந்து உக்காரலாம்னா அது பூராவும் வருஷச் சீட்டு. யாரை எழுப்பறது? அதனால நீங்க கத்தறதை வெச்சுத்தான் ஆட்டத்தையே பாக்கறேன். எந்தப் புண்ணியவான் அந்தப் பெஞ்சைத் தோண்டிக் கீழ இறக்கினானோ!"

நோட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஹாரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.  அந்தப் புண்ணியவான் யாரென்று அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பெஞ்சு தரைக்கு மேலேதான் இருந்தது, தகரக் கூரையோடு. 'மறைக்கிறது' என்று மனு எழுதி, வரிசை வரிசையாகக் கையெழுத்து வாங்கி, கிளப் ஆபீஸ் மேஜையில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்தான். முதல் கையெழுத்தும் அவருடையது. கூரையைப் பிரித்தார்கள், தோண்டினார்கள். வெற்றி வெற்றி என்று அன்றைக்குக் கூத்தாடினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஆக, ஆறு பேரைக் குழிக்குள்ள இறக்கிவிட்டுட்டு, மேல நின்னு கண்ணு தெரியலையா கண்ணு தெரியலையான்னு கேட்டிருக்கீங்க."

 பஸ்ஸில் பயணிகள் தன்னைக் கேட்கிற அதே கேள்வி என்பது அப்போதுதான் ஹாரனுக்கு உறைத்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. புகார் பயம் போய்விட்டது. நோட்டு விஷயத்தை மச்சான் மைதானம் முழுக்கப் பரப்பிவிட்டான், தையல்கார அக்கா பழைய பாக்கிக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் கோச்சை ஏகத்துக்குப் பிடித்துப்போயிருந்தது. நாம் பேசுவதை மதித்து எழுதிக்கொள்கிற மனுஷன் லேசில் கிடைப்பாரா?  ஹாரனால் மட்டும் பள்ளத்துக்குள் தெரிந்த அந்த உச்சி மண்டையைப் பார்க்க முடியவில்லை.

இடைவேளையில் எழுந்தார். படியிறங்கிப் போய்ப் பெஞ்சுக்கு மேலே குனிந்தார்.

"சார், இந்தக் குழியை வெட்டச் சொல்லி மனு கொடுத்தது நான்தான்."

கோச் அண்ணாந்து பார்த்தார்.

"திட்டறதுன்னா அப்புறம் திட்டிக்கோங்க. இப்ப மேல வாங்க. பதினாலாம் நம்பர் சீட்டு காலியா இருக்கு."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் உக்காந்தாச்சு சார். வாங்க."

கோச் வந்து உட்கார்ந்தபோது சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் காலை மடக்கி இடம் விட்டார்கள். ஹாரன் பக்கத்துப் படியில் நின்றார். தன் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வயிறு எரியத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. கோச்சோ வாயைப் பிளந்துகொண்டு மைதானத்தையே பார்த்தார்.

"அடேயப்பா," என்றார். "எல்லாம் தெரியுதே!"

இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. கோச் அடிக்கடி எழுந்து ஏதோ சொன்னார், கையை ஆட்டினார். அந்தக் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை. எழுபத்தாறாம் நிமிஷம் பரிதாபமாக ஹாரனைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஹாரன் அடிக்கறீங்களா? ரெண்டாம் நம்பர் வலது பக்கமா மேல போகணும்."

ஹாரன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"டேய் ரெண்டு! தூங்கினது போதும்டா! வலது பக்கம் காலியாக் கிடக்கு, ஏறு! ஏறுடா மேல!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ரெண்டாம் நம்பரும் பார்த்தான், எதிரே ஆளில்லாத புல்லைப் பார்த்தான், ஓடினான். பதினொன்றாம் நம்பருக்குக் காவல் நின்ற இருவரும் சுதாரிப்பதற்குள் பந்து ரெண்டாம் நம்பரின் காலுக்கு வந்து, அங்கிருந்து நடுவே பறந்து, ஒன்பதாம் நம்பரின் தலையில் பட்டு வலைக்குள் விழுந்தது.

அதன்பிறகு அங்கே யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மச்சான் கோச்சைத் தூக்கிவிட்டான். கூச்சல் அடங்கி ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ஹாரன் மட்டும் படியில் நிமிர்ந்து நின்றுகொண்டு, கோச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்து முழங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்போது பின் வரிசையிலிருந்து தையல்கார அக்காவின் குரல் வந்தது.

"யோவ் ஹாரன்! மறைக்குதுய்யா! உக்காரு கீழ!"

ஹாரன் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு கோச்சைப் பார்த்தார். கோச் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். ஹாரன் எட்டிப் படித்தார்.

'81. தையல்கார அக்கா: மறைக்கிறது. சரி.'

ஹாரன் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.