போர்வை அளவில் ஒரு படம்

கூரியரில் வந்த மாதிரிப் போர்வையைச் சோபாவின் மீது விரித்தபோது, அதில் அச்சாகியிருந்த பெட்டியின் மஞ்சள் டேப் சுற்றிய கைப்பிடியைத்தான் அவள் முதலில் கண்டாள். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியே கோடை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர்களுடைய வியாபாரத்திலோ பருவங்கள் ஆறு மாதம் முன்னதாகவே வந்துவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பனிமனிதனை வரைய வேண்டும்; குளிரில் நடுங்கிக்கொண்டே கடற்கரைக் குடைகளை யோசிக்க வேண்டும். அண்ணி வரைவார். நாத்தனாரான அவள் அவற்றுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதி இணையக் கடையில் ஏற்றுவாள். யாராவது வாங்கிய பிறகுதான் எங்கோ இருக்கும் அச்சகம் அந்தப் படத்தைக் கோப்பையிலோ சட்டையிலோ அச்சடித்து அனுப்பும். சரக்கு என்று வீட்டில் ஒரு துரும்புகூடக் கிடையாது. படங்களும், அவற்றை ஏற்றுகிற அவளும்தான்.

நான்கு ஆண்டுகளாக அந்தக் கடையில் முதலிடத்தில் நின்றது ஒரு கோப்பை. ஆண்டிறுதி விடுமுறைக்காக அண்ணி வரைந்தது. நான்கு கட்டங்கள். நான்கிலும் ஒரு பெண் சோபாவில் வாய்பிளந்து தூங்குவாள். பக்கத்தில் ஒரு பயணப்பெட்டி நிற்கும். ஜன்னலுக்கு வெளியே பனி, பூ, மழை, உதிர்ந்த இலை என்று பருவங்கள் மாறும். அவள் மட்டும் அசையமாட்டாள். கீழே ஒரே ஒரு வரி: 'விடுமுறைக்குத்தான் வந்தேன்!'

வாங்கியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'எங்க வீட்டு மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவரும் சேர்ந்து சிரிக்கிறார், பாவம், புரியல' என்று ஒருவர் கருத்து எழுதியிருந்தார். சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, 'தங்கள் அன்புக்கு மிக்க நன்றி' என்று பதில் எழுதியவள் அவளேதான்.

கோப்பையில் அந்தப் பெட்டி விரல்நகம் அளவுக்குத்தான் இருக்கும். இந்த ஆண்டு போர்வையிலும் போடலாம் என்பது அண்ணியின் யோசனை. யோசனையில் குற்றமில்லை, பெரிதாக்கினால் என்னென்ன தெரியவரும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. கோப்பையில் ரிப்பன்போல் இருந்தது போர்வையில் மஞ்சள் டேப்பாக இருந்தது. தூங்குபவளின் கையில் மடக்காத மூக்குக்கண்ணாடி. காலுறையின் கட்டைவிரலில், நிறம் பொருந்தாத நூலால் அவள் தானே போட்டுக்கொண்ட தையல்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கணவன் வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள் இங்கே வந்தபோது, பேருந்து நிறுத்தத்திலேயே பெட்டியின் கைப்பிடி உடைந்துபோயிற்று. எதிரே இருந்த கடையில் மஞ்சள் டேப் மட்டும்தான் இருந்தது.

"அண்ணி, இது நான்தானே?"

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது?"

"இந்தப் பொம்பள."

பேனா நின்றது. "இப்பத்தான் தெரியுதாக்கும்? உங்க அண்ணன் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டார்."

குளித்து முடித்துத் துண்டோடு வெளியே வந்த அண்ணன், "அட, அது சும்மா ஒரு வேடிக்கைக்கு..." என்று ஆரம்பித்தார். இரண்டு முகங்களையும் பார்த்தார். திரும்பவும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நாலு வருஷமா ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. அதுக்கு நானே நன்றி வேற சொல்லியிருக்கேன்."

"எனக்கு மட்டும் சிரிப்பா வந்துச்சு? எப்பப் போறேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. எனக்கும் கேக்க வாய் வரல. வாயில வராதது கையில வந்துச்சு. எத்தனை பனிமனுசன் வரைஞ்சேன், ஒண்ணாவது வித்துப்போச்சா? நீதான் போன."

"ஒரு தடவை நேரா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா கிளம்பியிருப்பியா?"

 அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் துடைத்தார்.

"சரி, உக்காரு, போட்டோ எடுக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்தலன்னா ஆண்டிறுதி வரிசையில இடம் கிடைக்காது."

விற்பனைப் படங்களுக்கு வீட்டு ஆட்களையே உட்காரவைப்பது அவர்களின் வழக்கம். வீட்டு ஆட்கள் என்றால் அவள்தான். கோப்பையைப் பிடித்த கைகள், சட்டை மாட்டிய தோள்கள், அத்தனையும் அவளுடையவை. கழுத்துக்கு மேலே மட்டும் வெட்டிவிடுவார்கள்.

"உக்கார மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லேன். சொல்லிட்டு எங்க போய் உக்காருவ? இதே சோபாவுலதானே?"

அவள் உள்ளறைக்குப் போனாள். அந்த அறையில் அவளுடையது என்று சொல்ல ஒரு கட்டிலும் அரை அலமாரியும் இருந்தன; மற்ற அரையில் அண்ணியின் குளிர்காலத் துணிகள். அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அண்ணி இரண்டு முறை குரல் கொடுத்தார். மூன்றாம் முறைக்கு, சக்கரம் தேய்ந்த பெட்டி தரையைக் கீறிக்கொண்டு வரும் ஓசைதான் பதிலாக வந்தது.

படத்தில் இருக்கும் அதே இடத்தில் பெட்டியை நிறுத்தினாள். சோபாவில் அமர்ந்து, தூங்கும் தன்னையே மார்பு வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்த வெயிலில் அது உடம்பெல்லாம் அரித்தது.

"பெட்டி எதுக்கு இப்போ?"

"படத்துல இருக்கே அண்ணி."

"மூஞ்சி தெரியுது பாரு. கொஞ்சம் கீழ சரிஞ்சு உக்காரு."

"தெரியட்டும்."

அண்ணி கைப்பேசியைத் தாழ்த்தினார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா விளையாடுற" என்று முணுமுணுத்தபடி அண்ணி முன்னால் வந்து, காலிப் பெட்டியைத் தள்ளுவதுபோல் ஒற்றைக் காலால் அதை ஓரமாகத் தள்ளினார்.

பெட்டி நகரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். உள்ளே அடுக்கியிருந்த துணிமணிகள் கனமாகச் சரிந்து அடங்கின. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அண்ணியின் கால் பெட்டியின் மீதே இருந்தது. கால்விரல்கள் மெல்ல மடங்கின.